மாடல் டி இன்ஜின் 19 வருஷம் மாறவே இல்லையா?

உங்கள் கேள்வியை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். பழைய கார் கண்காட்சி ஒன்றில் இரண்டு ஃபோர்டு மாடல் டி வண்டிகள் பக்கம் பக்கமாக நின்றன. 1908 முதல் 1927 வரை ஒரே இன்ஜின், மாற்றமே கிடையாது என்று பலகையில் போட்டிருந்தார்கள். பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றில் சிலிண்டர் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) தாழ்வாக இருக்கிறது, இன்னொன்றில் உயரமாக இருக்கிறது. பழையதற்கு 22 குதிரைத்திறன், புதியதற்கு 20 என்று வேறு எழுதியிருக்கிறது. ஒரே இன்ஜின் என்றால் இது எப்படி, மாற்றினார்கள் என்றால் போயும் போயும் சக்தியைக் குறைக்கவா மாற்றினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். இன்ஜினை மாற்றுவது என்றால் சக்தியைக் கூட்டுவதற்குத்தான் என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். மாடல் டி விஷயத்தில் அந்த எண்ணத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பழைய பெட்ரோல் இன்ஜின்களைப் பிரித்து, பேரிங் ஊற்றி, மறுபடி ஓடவைக்கிற வேலையில் பல வருஷமாக இருக்கிறேன். அதனால் இரும்பில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றங்களைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். ஏன் மாற்றினார்கள் என்பது பல இடங்களில் ஊகம்தான், அந்த இடம் வரும்போது ஊகம் என்று சொல்லிவிட்டே சொல்கிறேன். ஃபோர்டு கம்பெனிக்குள் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் வரலாற்று ஆய்வாளர்கள் வேலை, அதில் நான் தலையிடவில்லை.

முதலில் பலகையில் இருந்தது எந்த அளவுக்குச் சரி என்று பார்ப்போம். போர் (சிலிண்டரின் விட்டம்) 3¾ அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 4 அங்குலம், நான்கு சிலிண்டர், மொத்தம் 177 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 2.9 லிட்டர். இது முதல் வண்டியிலிருந்து கடைசி வண்டி வரை மாறவில்லை. கிராங்க்‌ஷாஃப்டைத் தாங்கும் மூன்று மெயின் பேரிங், சைடு வால்வு, ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும், ஃப்ளைவீலிலேயே கட்டிய மேக்னட்டோ, ஆயில் பம்ப் இல்லாமல் தெறித்தே எண்ணெய் போகும் ஏற்பாடு, இவையும் கடைசி வரை அப்படியே இருந்தன. எனவே எலும்புக்கூடு ஒன்றுதான். அதன் மேல் நடந்த மாற்றங்களோ ஏராளம். மாடல் டி வைத்திருப்பவர்கள் ஒரு பிளாக்கைப் பார்த்ததும் இது இந்த வருஷத்து வார்ப்பு என்று சொல்வது அதனால்தான்.

அந்த எலும்புக்கூட்டிலேயே 1908-க்கு ஒரு புதுமை இருந்தது. அப்போதைய கார்களில் சிலிண்டர்களைத் தனித்தனியாகவோ இரண்டிரண்டாகவோ வார்த்து, கிராங்க்கேஸ் (கிராங்க்‌ஷாஃப்ட் சுழலும் கூடு) மேல் போல்ட் போட்டு உட்காரவைப்பார்கள். ஃபோர்டின் முந்தைய மாடலான ‘மாடல் N’ வண்டியிலும் ஜோடி ஜோடியாகத்தான் இருந்தது. ஹெட் தனியாக வராது, சிலிண்டரோடு சேர்ந்த ஒரே வார்ப்பு. கரி சுரண்ட வேண்டும் என்றால் பெரிய வேலை. மாடல் டி-யில் நான்கு சிலிண்டரையும் கிராங்க்கேஸின் மேல் பாதியையும் ஒரே வார்ப்பாக ஊற்றி, ஹெட்டை மட்டும் கழற்றக்கூடியதாக வைத்தார்கள். கீழே இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் சேர்த்து, அழுத்தித் தட்டிய இரும்புத் தகட்டுத் தொட்டி. ஹெட் தனி உருப்படி ஆனதால்தான் பிளாக்கைத் தொடாமல் 1917-ல் ஹெட்டை மட்டும் மாற்ற முடிந்தது, உங்கள் கேள்வியே அங்கிருந்துதான் பிறக்கிறது.

முதல் பெரிய மாற்றம் வண்டி வெளிவந்து சில மாதத்திலேயே நடந்தது. முதல் 2,500 வண்டிகளில் கியரில் ஓடும் வாட்டர் பம்ப் இருந்தது. 1909-ல் அதைத் தூக்கிவிட்டு, பிளாக்கையும் ஹெட்டையும் புதிதாக வார்த்து, தெர்மோசைஃபன் முறைக்குப் போனார்கள். சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறி ரேடியேட்டரின் மேல் தொட்டிக்குப் போகும், அங்கே ஆறிக் கீழே இறங்கி, கீழ்க் குழாய் வழியாக பிளாக்கின் இடது பக்கம் மறுபடி நுழையும். பம்ப் இல்லை, ஷாஃப்ட் இல்லை, ஒழுகுகிற பேக்கிங் இல்லை. விலை குறைக்கவா, தொல்லை குறைக்கவா என்று கேட்டால் இரண்டுக்கும்தான் என்று தோன்றுகிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீர் மட்டம் மேல் குழாயின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் சுழற்சி நின்றுபோகும், அப்புறம் ஆவிதான். ஏற்றத்தில் நின்று புகைவிடும் மாடல் டி படங்களைப் பார்த்திருப்பீர்கள், பாதிக்கு மேல் இந்தக் கதைதான். பம்ப் வைத்த அந்த முதல் 2,500 இன்ஜின்களின் ஹெட்டும் பிளாக்கும் பிறகு வந்தவற்றோடு பொருந்தாது, ஆகவே இன்று அவை தனி ஜாதி, விலையும் தனி.

1911-ல் வந்த மாற்றங்கள் எனக்குப் பிடித்தவை, காரணம் எல்லாமே மெக்கானிக்குக்காகச் செய்தவை. அதற்கு முன் வால்வு ஸ்பிரிங்கும் வால்வைத் தள்ளும் டேப்பெட்டும் வெளியே திறந்தபடி ஆடிக்கொண்டிருந்தன, மண் ரோட்டில் அந்தப் புழுதியெல்லாம் நேராக அங்கேதான் போகும். 1911-ல் அவற்றுக்கு இரண்டு மூடிகள் வந்தன. அதைவிடப் பெரியது கீழே நடந்தது. பழைய தொட்டியில் அடியில் வாசலே இல்லை, பிஸ்டனைக் கிராங்க்‌ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் கொஞ்சம் தட்ட ஆரம்பித்தால் இன்ஜினையே வெளியே இறக்க வேண்டும். 1911-ல் அடியில் கழற்றி மாட்டும் ஒரு தட்டு வைத்தார்கள். வண்டிக்குக் கீழே படுத்து, தட்டைக் கழற்றி, ராட் கேப்பை இறக்கிக் கொஞ்சம் ராவி, மறுபடி இறுக்கிவிடலாம். விவசாயி தன் கொட்டகையிலேயே செய்கிற வேலையாக அது மாறிவிட்டது. இதில் ஒரு குதிரைத்திறன்கூடக் கூடவில்லை, ஆனால் நான் அந்தக் காலத்தில் வண்டி வாங்கியிருந்தால் இந்த ஒரு தட்டுக்காகவே 1911 வண்டியைத்தான் வாங்கியிருப்பேன்.

அவர்கள் மாற்றாமல் விட்ட எண்ணெய் விஷயத்தையும் சொல்ல வேண்டும், அது தெரியாமல் மற்றது புரியாது. பின்னால் ஃப்ளைவீல் எண்ணெயில் முங்கிச் சுற்றும்போது எண்ணெயை வாரி அடிக்கும். பக்கத்தில் ஒரு புனல் அதில் கொஞ்சத்தைப் பிடித்து, மெல்லிய குழாய் வழியாக முன்னால் டைமிங் கியருக்கு அனுப்பும். அங்கிருந்து எண்ணெய் பின்னோக்கி வழிந்து வரும் வழியில் ராடுகளுக்குக் கீழே உள்ள பள்ளங்களை நிரப்பும், ராட் அதில் முங்கித் தெறிக்கும். முழு ஏற்பாடும் இவ்வளவுதான். கியர்பாக்ஸுக்கும் இதே எண்ணெய்தான், அதன் பட்டைகளில் ஒட்டிய துணி தேய்ந்து நூல் நூலாக வந்து அந்தக் குழாயை அடைத்துவிடும். அடைபட்டது வெளியே தெரியாது, முதல் ராட் உருகும்போதுதான் தெரியும். செங்குத்தான ஏற்றத்திலும் அப்படித்தான், எண்ணெய் பின்னால் ஓடிவிட முன் பேரிங் காய்ந்துபோகும். வெளிப்பக்கமாக இன்னொரு எண்ணெய்க் குழாய் மாட்டித்தரும் கடைக்காரர்கள் அந்தக் காலத்திலேயே நன்றாகச் சம்பாதித்தார்கள், இன்றும் நிறையப் பேர் அதை மாட்டித்தான் ஓட்டுகிறார்கள். கம்பெனி அடித்தட்டில் பள்ளங்களைத் திருத்தியது, பம்ப் மட்டும் கடைசி வரை வைக்கவே இல்லை.

மேக்னட்டோ கதையும் இதே மாதிரிதான். ஃப்ளைவீலின் முன்முகத்தில் V வடிவத்தில் 16 காந்தங்கள், அவற்றுக்கு எதிரே பிளாக்கின் பின்னால் நகராமல் உட்கார்ந்திருக்கும் 16 சுருள்கள். எட்வர்ட் ஹஃப் என்பவர் வடிவமைத்தது. இடையில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கிராங்க்‌ஷாஃப்டின் முன்பின் அசைவைத் தடுப்பது பின் மெயின் பேரிங்கின் வொயிட் மெட்டல் (மென்மையான பேரிங் உலோகம்) விளிம்பு. அது தேயத் தேய ஃப்ளைவீல் பின்னால் நகரும், இடைவெளி கூடும், மின்சாரம் குறையும். அதாவது இந்த இன்ஜினில் பேரிங் தேய்மானம் ஸ்பார்க்கில் தெரியும். பேட்டரியில் நன்றாக ஓடி, மேக்னட்டோவுக்கு மாற்றியதும் இடிக்கிற வண்டி வந்தால், ஸ்பார்க்குக்கு மின்சாரத்தை உயர்த்தித் தரும் காயில் பெட்டியைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் கிராங்க்கை முன்னும் பின்னும் தள்ளி எவ்வளவு ஆடுகிறது என்றும் பார்ப்பேன். 1915-ல் ஹெட்லைட்டையும் மேக்னட்டோவிலேயே ஓட்ட முடிவு செய்தபோது காந்தங்களையும் சுருள்களையும் பெரிதாக்கினார்கள். அப்படியும் இன்ஜின் மெதுவாக ஓடினால் விளக்கு மங்கும், வேகமாக ஓடினால் பல்பே போய்விடும்.

1919-ல் மூடிய உடல் கொண்ட வண்டிகளுக்கு மின்சார ஸ்டார்ட்டரும் டைனமோவும் பேட்டரியும் வந்தன. அதற்காக பிளாக், முன்னால் உள்ள டைமிங் கவர், பின்னால் கியர்பாக்ஸ் மூடி எல்லாம் வார்ப்பு மாறின, ஃப்ளைவீலில் பல் வளையம் ஏறியது. பேட்டரி வந்த பிறகு மேக்னட்டோவுக்கு உண்மையில் அவசியமில்லை. ஆனாலும் 1927 வரை ஒவ்வொரு இன்ஜினிலும் அது இருந்தது. ஏன்? ஸ்டார்ட்டர் இல்லாத வண்டிகளும் கூடவே விற்றுக்கொண்டிருந்தன என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஃபோர்டின் நகரும் அசெம்பிளி லைன் முறை 1913 ஏப்ரலில் ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையில் முதன்முதலாகத் தொடங்கியது இந்த மேக்னட்டோவில்தான். ஒருவர் 20 நிமிஷத்தில் செய்த வேலையைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்து 13 நிமிஷம் 10 விநாடிக்குக் கொண்டுவந்தார்கள், பிறகு லைனின் உயரத்தையும் வேகத்தையும் சரிசெய்து 5 நிமிஷம் வரை இறக்கினார்கள். இவ்வளவு மலிவாகச் செய்யக் கற்றுக்கொண்ட ஒரு பொருளை யாரும் சுலபத்தில் கைவிட மாட்டார்கள்.

சரி, ஹெட்டுக்கு வருவோம். 1917 மாடலில் ஹெட் உயரமானது. உள்ளே இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, தண்ணீர் நிற்கும் இடம் பெரிதானது, தெர்மோசைஃபனுக்கு அது நல்லது. இரண்டு, எரியும் அறை ஆழமானது, கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலே வரும்போது கலவை எத்தனை மடங்கு அழுந்துகிறது என்ற விகிதம், ஏறத்தாழ 4.5-லிருந்து 4-க்குச் சற்றுக் கீழே இறங்கியது. இது அளந்து பார்க்கக்கூடியது, சந்தேகமே இல்லை.

எதற்காக இறக்கினார்கள் என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் பெட்ரோல். கார்கள் பெருகிய வேகத்துக்குக் கச்சா எண்ணெயிலிருந்து லேசான பெட்ரோல் போதவில்லை. சுத்திகரிப்பு ஆலைகள் முன்பு மண்ணெண்ணெய்ப் பக்கம் போன கனமான பகுதியையும் பெட்ரோலில் சேர்த்தன, 1913-ல் பர்ட்டன் என்ற வேதியியலாளர் காப்புரிமை பெற்ற, கனமான எண்ணெயை வெப்பத்தால் உடைத்துப் பெட்ரோலாக்கும் கிராக்கிங் முறையும் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. கனமான எரிபொருள் குளிரில் சரியாக ஆவியாகாது, அழுத்தினால் சிலிண்டருக்குள் தானாகவே வெடித்துத் தட்டும், அதைத்தான் நாக்கிங் என்பார்கள். பெட்ரோல் நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஆக்டேன் என்ற அளவுகோலே 1920-களின் நடுவில்தான் உருவானது, டெட்ரா எத்தில் ஈயம் நாக்கிங்கைத் தடுக்கும் என்று மிட்ஜ்லி என்ற பொறியாளர் கண்டுபிடித்தது 1921-ல். எனவே 1916-ல் ஒரு இன்ஜின் வடிவமைப்பாளர் கையில் இருந்த ஒரே வழி கம்ப்ரஷனைக் குறைப்பதுதான். இன்னின்ன ஊரில்தான் பெட்ரோல் போடு என்று ஃபோர்டு யாரிடமும் சொல்ல முடியாது, எந்த ஊர்க் கடையில் என்ன கிடைக்கிறதோ அதில் இந்த இன்ஜின் ஓடியாக வேண்டும். இந்த விளக்கம் எனக்கு நியாயமாகப்படுகிறது. கைப்பிடி போட்டுச் சுற்றுகிறவர்களுக்கும் கம்ப்ரஷன் குறைந்தது உதவியிருக்கும், ஆனால் அதற்காகவே செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டையும் ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், முதலாவது பலமான ஊகம்.

இப்போது அந்த 22-ம் 20-ம். இங்கேதான் பலகை உங்களைக் குழப்பிவிட்டது. தாழ்வான ஹெட்டுக்கு 22, உயரமானதற்கு 20 என்று பொதுவாகச் சொல்வது உண்மை, நிமிஷத்துக்கு 1,600 சுற்றில். ஆனால் 1908-ல் வந்த ஃபோர்டின் அறிமுக விளம்பரத்தைப் பார்த்தால், நான்கு சிலிண்டர், இருபது குதிரைத்திறன், ஐந்து பேர் போகும் டூரிங் கார், விலை 850 டாலர் என்றுதான் இருக்கிறது. அதுவும் தாழ்வான ஹெட் வண்டிதானே! அந்தக் காலத்தில் குதிரைத்திறன் என்பது பாதி விளம்பரச் சொல். இங்கிலாந்தில் வரிக்காக ஒரு சூத்திரம் இருந்தது, சிலிண்டரின் விட்டத்தை வர்க்கமாக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5-ஆல் வகுக்க வேண்டும். மாடல் டி-க்குப் போட்டுப் பாருங்கள், 22.5 வரும். ஸ்ட்ரோக்கும் கம்ப்ரஷனும் அந்தச் சூத்திரத்துக்குள் வருவதே இல்லை, எந்த ஹெட்டை மாட்டினாலும் அதே 22.5 தான். 1921-ல் குதிரைத்திறனுக்கு ஒரு பவுண்டு என்று அங்கே வரி போட்டபோது மாடல் டி-க்கு 23 பவுண்டு விழுந்தது, மான்செஸ்டரில் அசெம்பிள் செய்து விற்றுக்கொண்டிருந்த ஃபோர்டுக்கு அது பெரிய அடி. ஆகவே கம்ப்ரஷன் இறங்கியது உறுதி, சக்தி கொஞ்சம் குறைந்ததும் உறுதி, ஆனால் அது சரியாக இரண்டு குதிரை என்று அடித்துச் சொல்லாதீர்கள். ஓட்டுகிறவருக்கு முக்கியமானது இழுவை, அது 900 சுற்றிலேயே 83 பவுண்டு-அடி, இந்த அளவுள்ள இன்ஜினுக்கு நல்ல இழுவை. ரோடு இல்லாத ஊரில் சேற்றிலிருந்து வண்டியை வெளியே இழுத்தது அதுதான்.

சக்தி வேண்டும் என்று நினைத்திருந்தால் முடிந்திருக்குமா என்றால், முடிந்திருக்கும். லூயி ஷெவர்லேயும் அவர் தம்பி ஆர்தரும் ஃப்ரான்டெனாக் என்ற பெயரில் மாடல் டி பிளாக் மேல் உட்காரும் ஓவர்ஹெட் வால்வு ஹெட் செய்து விற்றார்கள். 1923 இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் அப்படி ஒரு ஃப்ரான்ட்டி-ஃபோர்டை ஓட்டி எல். எல். கோரம் ஐந்தாவதாக வந்தார். அதற்காக உங்கள் வண்டியில் ஹெட்டை மாற்றி மிதிக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். கிராங்க்‌ஷாஃப்ட் ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் பகுதி) விட்டம் ஒன்றேகால் அங்குலம்தான், எதிர் எடை இல்லை, சிலிண்டர் நான்குக்கு மெயின் பேரிங் மூன்று. நல்ல எஃகில் அடித்தது என்பதால் வளைந்து கொடுக்கும், வருஷக்கணக்கில் வளைந்து வளைந்து ஒருநாள் இரண்டாகிவிடும். மாடல் டி வைத்திருப்பவர்களிடம் இரண்டு துண்டு கிராங்க் என்று ஒரு கிண்டலே உண்டு. சக்தியைக் கூட்டாமல் ஃபோர்டு விட்டதற்கு இந்தக் கிராங்க்கும் ஒரு காரணம் என்றுதான் அதைக் கையில் எடுத்த எவருக்கும் தோன்றும்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1922-ல் இரண்டு வால்வு மூடி ஒன்றானது. 1926 மாடலில் பிளாக்கின் பின்பக்கம் இரண்டு இடத்தில் கியர்பாக்ஸ் மூடியோடு போல்ட் போட்டு இணைத்தார்கள். அதுவரை பின்பாதியின் எடை முழுவதையும் தகட்டுத் தொட்டியே சுமந்தது, அதன் கைகள் ரோட்டில் அடிபட்டு விரிசல் விடுவது சாதாரணம். இரண்டே போல்ட்டில் முடிகிற விஷயத்துக்கு ஏன் 17 வருஷம் எடுத்தார்கள் என்பது எனக்கு இன்னும் எரிச்சல்தான். இவ்வளவு மாற்றத்திலும் போல்ட் துளைகளை மட்டும் பெரும்பாலும் நகர்த்தவில்லை, 1917 ஹெட் 1912 பிளாக்கில் உட்காரும். கடைசியில் 1927 டிசம்பரில் மாடல் ஏ வந்தபோது 200 கன அங்குலம், 40 குதிரைத்திறன், கூடவே வாட்டர் பம்ப், ஆயில் பம்ப் இரண்டும் வந்து சேர்ந்தன. மாடல் டி இன்ஜினை அதன் பிறகும் 1941 வரை உதிரிக்காகச் செய்துகொண்டிருந்தார்கள்.

எனவே கண்காட்சியில் மறுபடி அந்த வண்டிகளைப் பார்த்தால் ஹெட்டை மட்டும் வைத்து வருஷம் முடிவு செய்யாதீர்கள், பழைய வண்டிகள் பலவற்றில் பிற்காலத்தில் யாராவது உயரமான ஹெட்டை மாட்டியிருப்பார்கள். வலது பக்கம் குனிந்து வால்வு மூடி எத்தனை என்று பாருங்கள். மூடியே இல்லை என்றால் 1911-க்கு முந்தையது, இரண்டு என்றால் 1911 முதல் 1922 வரை, ஒன்று என்றால் அதற்குப் பிந்தையது. மாற்றம் நடந்த வருஷத்தில் மிச்சமிருந்த பழைய உருப்படிகளையும் தீரும்வரை மாட்டினார்கள், ஆகையால் சில மாதம் முன்பின் இருக்கலாம். இடது பக்கம் தண்ணீர் நுழையும் இடத்துக்கு மேலே இன்ஜின் எண் அடித்திருக்கும். எண்ணுக்கு முன்னால் C என்ற எழுத்து இருந்தால் கனடாவில் செய்தது, பிரிட்டனைத் தவிர்த்த பிரிட்டிஷ் பேரரசு நாடுகளுக்கு விற்கும் உரிமை கனடா ஃபோர்டிடம் இருந்ததால் இந்தியாவுக்கு வந்தவற்றில் அதைத்தான் அதிகம் எதிர்பார்க்கலாம். எண்ணும் வால்வுப் பக்கத்துப் படமும் கிடைத்தால் இங்கேயே போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.